தாங்கலின் சரித்திரம்

செங்கற்பட்டுச் சீமையில் ஊர்ப்பெயர்களைக் கவனித்துக்கொண்டே பிரயாணம் செய்கிறவர்களுக்கு வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று தாங்கலில் முடிகிற பெயர்கள் எதிர்ப்படும். பேரேரிக்கு உள்ள மதிப்புத் தாங்கலுக்கு இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மேட்டு நிலத்திலிருந்து ஓடிவரும் வெள்ளத்தை ஒரு மண்கரையினால் மறித்து ஏந்திக்கொண்டு, கீழேயுள்ள வயல்கள் மழைநாளில் மூழ்கிவிடாமலும் மழை ஓய்ந்த தை மாசியில் காய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிற சிறிய நீர்நிலைக்கு அந்தப் பெயர். அமிலத்தையோ காரத்தையோ சிறிதளவு சேர்த்தாலும் தன் தன்மை பிறழாமல் நிற்கிற கரைசலுக்கு, ரசாயன சாஸ்திரத்தைத் தமிழில் எழுதப் புகுந்தவர்கள் 'தாங்கல் கரைசல்' என்று பெயரிட்டபோது இந்த நீர்நிலையை மனத்தில் கொண்டார்களோ, தாங்குதல் என்னும் தொழிலை மட்டும் கொண்டார்களோ, எதுவாயினும் பெயர் நன்றாக வாய்த்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் இதற்கு இட்ட பெயர் 'தாம்போன்'. அடைப்பதற்கும் ஒற்றுவதற்கும் உதவுகிற பஞ்சுப் பொதி, ரயில்வண்டியின் முட்டுத்தாங்கி எனப் பல பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அந்த ரயில்வண்டிப் பொருளையே பற்றிக்கொண்டு 'புஃபர்' என்றும் 'பஃபர்' என்றும் வழங்கினர். எனக்கு நம்முடைய சொல்தான் பிடித்திருக்கிறது. முட்டுத்தாங்கியின் உத்தியோகம் வருகிற இடியை வாங்கிக்கொள்வதோடு சரி. தாங்கலுக்கோ பெருக்கை வாங்கி வைத்துக்கொள்ளவும் தெரியும், வறட்சியில் மதகு திறந்து கொடுக்கவும் தெரியும்.

கரைசலிலும் நடப்பது அதுவேதான். ஒரு லிட்டர் சுத்த நீரில் செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு சொட்டு விட்டால், நடுநிலையைக் குறிக்கும் 7 என்ற எண்ணிலிருந்து அதன் பி.எச். ஏறக்குறைய 3-க்கு விழுந்துவிடும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்காதலால், நான்கு படி இறங்கிய அந்த நீரின் புளிப்பு முன்னிலும் 10,000 மடங்கு ஏறிப்போயிற்று என்று பொருள். பாஸ்பாரிக் அமிலத்தின் சோடிய உப்புக்கள் இரண்டை, ஒவ்வொன்றும் லிட்டருக்கு இருபதில் ஒரு மோல் வீதம் இருக்குமாறு கலந்து, 7.2 என்ற பி.எச்.சில் நிறுத்திய நீரில் அதே இரண்டு சொட்டை விட்டுப் பார்த்தால், ஒரு படியில் ஐம்பதில் ஒரு பங்குகூட அது அசைவதில்லை. அவ்விரண்டு உப்புக்களில் ஒன்று ஹைட்ரஜனை அதிகமாக வைத்துக்கொண்டு கொடுக்கத் தயாராயிருப்பது. மற்றது குறைவாக வைத்துக்கொண்டு வாங்கத் தயாராயிருப்பது. அமிலம் வந்தால் இரண்டாவது அதை ஏந்தி முதலாவதாக மாறிவிடுகிறது; காரம் வந்தால் முதலாவது தன்னிடமுள்ளதைக் கொடுத்து இரண்டாவதாக மாறிவிடுகிறது.

மருந்து செய்கிறவர்களுக்கு இது ஏன் இத்தனை முக்கியமாயிற்று என்றால், மருந்துக்கு வாசஸ்தலங்கள் இரண்டு. அலமாரியில் மாதக்கணக்காகவும் சில வேளை ஆண்டுக்கணக்காகவும் அது குடியிருக்கும் கண்ணாடிச் சீசா ஒன்று. சென்று சேரவேண்டிய நோயாளியின் தேகம் மற்றொன்று. சீசாவுக்குள் மருந்து சிதையாமல் இருப்பதற்கு உகந்த பி.எச். ஒன்றாக இருக்கும்; ரத்தத்துக்கும் கண்ணீருக்கும் சுபாவமானதோ 7.4-ஐ ஒட்டியது, இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். சீசாவில் உறுதியாக நின்ற கரைசல் தேகத்துக்குள் சென்ற பிறகும் அதே பிடிவாதத்துடன் நிற்குமானால், அந்த இடம் எரியும், வலிக்கும், சிவந்து வீங்கும். ஆகையால் மருந்திலே கட்டுகிற தாங்கல் ஓரிடத்தில் உடையாமலும் மற்றோரிடத்தில் உடனே உடைந்தும் போகவேண்டும். ஔஷத சாஸ்திரிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பட்டுவந்த பாடு பெரும்பாலும் இந்த ஒரு முரண்பாட்டோடுதான்.

இந்தச் சரித்திரத்தைத் தாங்கல் என்ற பெயரும் அதற்குரிய கணக்கும் பிறப்பதற்கு முன்னிருந்தே தொடங்குவது உசிதம். கங்கையின் கழிமுகத்திலிருந்து புறப்பட்டு ஐரோப்பா முழுவதையும் நடுங்கவைத்த வாந்திபேதி, 1831-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தில் கால்வைத்தபோது, இருபது வயதைச் சற்றே கடந்த வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் ஐரிஷ் வைத்தியர் அங்கே சென்று நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார். நோயினால் ஏற்கனவே வற்றிப்போன தேகத்திலிருந்து மேலும் ரத்தத்தை வடித்துவிடுவதே சிகிச்சை என்று வைத்தியர்கள் எண்ணியிருந்த காலம் அது. ரத்தம் தன் நீரில் பெரும்பகுதியை இழந்துவிட்டது, உப்புக்களை இழந்துவிட்டது, அதற்குரிய காரத்தையும் இழந்துவிட்டது என்று ஓஷானஸி கண்டு எழுதினார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று துணிந்தவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் வைத்தியம் பார்த்துவந்த தாமஸ் லாட்டா. ஆறு பைண்ட் நீரில் இரண்டு மூன்று டிராக்ம் எடையுள்ள சமையல் உப்பையும் இரண்டு ஸ்க்ரூப்பிள் சோடாவின் கார்பனேட் உப்பையும் கரைத்து, 1832 மே மாதத்தில், கைவிடப்பட்ட ஒரு வயோதிக ஸ்திரீயின் கைநரம்பு வழியே அவர் செலுத்தினார். குழிந்த கண்ணும் சில்லிட்ட தேகமுமாய்க் கிடந்தவள் அரை மணி நேரத்துக்குள் ஆறு பைண்ட் ஏறியதும் முகம் தெளிந்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லுமளவுக்கு மீண்டாள். ஆனால் பேதி நிற்கவில்லை. லாட்டா புறப்பட்டுச் சென்றபின் மறுபடி செலுத்துவாரின்றி ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். அடுத்த ஆண்டே லாட்டாவும் காலமானார். கொள்ளைநோய் ஓய்ந்ததும் அவருடைய முறையும் மறக்கப்பட்டது.

லாட்டாவின் உப்பு நீரில் இருந்த அந்தச் சிறிதளவு சோடாவை நான் விசேஷமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்பதற்குப் பெரிதும் துணைசெய்வது, கரியமிலவாயு நீரில் கரைந்து உண்டாகும் அமிலமும் அதன் உப்பாகிய பைகார்பனேட்டும் சேர்ந்த தாங்கல்தான். வாந்திபேதியில் அந்தப் பைகார்பனேட் மலத்தோடு ஓடிப்போகிறது; தாங்கலின் கரை உடைந்து ரத்தம் புளிக்கத் தொடங்குகிறது. இதையெல்லாம் அறியாமலே, ரத்தம் எதை இழந்தது என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அதற்குக் கிடைத்த விடையைக் கரைத்துக் கொடுத்தவர்கள் அவ்விருவரும். ஓஷானஸி பின்னர்க் கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளை நாட்டியவர் என்று வேறொரு துறையில் பிரசித்தி பெற்றார். ரத்தத்தை நினைத்தவரைக் கம்பிக்காகவே ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

ஐம்பது ஆண்டு கழித்து லண்டனில் ஸிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். வடித்த நீரென்று அவர் எண்ணியது உண்மையில் குழாய் நீர். அதில் இயல்பாகக் கலந்திருந்த சுண்ணாம்பே இதயத்தைத் துடிக்கவைத்தது என்று 1883-இல் திருத்தி எழுதினார். சுண்ணாம்பும் பொட்டாசியமும் சிறிது சோடா உப்பும் கலந்த அவருடைய நீர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் அவர் பெயராலே வழங்குகிறது.

தாங்கல் என்ற எண்ணம் தெளிவாக உருப்பெற்றதோ வைத்தியசாலையில் அல்ல, பீர் காய்ச்சுகிறவர்களின் விவகாரத்தில். முளைகட்டிய வாற்கோதுமையிலுள்ள நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த பெர்ன்பாக், ஹூபெர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், அந்தக் கஷாயத்தில் அமிலத்தைச் சேர்த்தாலும் எதிர்பார்த்த அளவு புளிப்பு ஏறாததைக் கண்டு, அதிலுள்ள பாஸ்பேட்டுக்களே அதை வாங்கிக்கொள்ளுகின்றன என்று 1900-இல் எழுதினர். தாம்போன் என்ற உவமையை முதலில் ஆண்டவர்கள் அவர்களே. அதை ஒரு கருவியாக்கிக் கொடுத்த பெருமை கோபன்ஹேகனுக்கு உரியது. அந்நகரத்தின் கார்ல்ஸ்பெர்க் ஆலையை நிறுவிய ஜே. சி. யாகோப்சென், 1875-இல் தம் ஆலையை ஒட்டி ஒரு பரிசோதனைச் சாலையையும் ஏற்படுத்தி, அங்கே கண்டறியப்படுவது எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாகாது என்று விதியும் வகுத்தார். வியாபாரி ஒருவர் இப்படிச் செய்வது எக்காலத்திலும் அருமை. பரிசுத்தமான ஈஸ்ட்டைத் தனியே வளர்க்கும் முறையும், உணவிலுள்ள நைட்ரஜனை அளக்கும் கெல்டாலின் முறையும் 1883-ஆம் ஆண்டில் அங்கிருந்தே உலகுக்குக் கிடைத்தன. கெல்டாலுக்குப் பின் 1901-இல் ரசாயனப் பிரிவின் தலைமைக்கு வந்தவர் டென்மார்க்கின் ஓர் உழவர் குடும்பத்தில் 1868-இல் பிறந்த ஸோரென் பேட்டர் லௌரிட்ஸ் ஸோரென்சென்.

நொதிகள் வேலை செய்யும் வேகம் அமிலத்தன்மையைப் பொறுத்தது என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் எவ்வளவு அமிலம் சேர்த்தோம் என்பதைக் கணக்கிட்டுப் பயனில்லை, கரைசலில் விடுபட்டு நிற்கும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதே முக்கியம் என்று ஸோரென்சென் 1909-ஆம் ஆண்டின் நீண்ட கட்டுரையில் நிலைநாட்டினார். அந்த அளவோ, ஒரு புள்ளிக்குப் பின் ஆறேழு பூஜ்யங்களைப் போட்டு எழுதவேண்டிய எண். கை சலிக்கும், கண் தவறும். பூஜ்யங்களை எண்ணி அந்த எண்ணிக்கையையே மதிப்பாக வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் செய்த யுக்திதான் பி.எச். அதிலுள்ள 'பி' எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று பண்டிதர்கள் பின்னர் வழக்காடியதற்கு ஸோரென்சென் விளக்கம் எழுதி வைக்காததே காரணம். அளவுகோல் செய்தால் போதாது, அதில் கோடு கிழிக்க நிலையான அடையாளங்களும் வேண்டுமல்லவா? கிளைசின், பாஸ்பேட், சிட்ரேட், போரேட் ஆகியவற்றை அமிலத்தோடும் காரத்தோடும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து, ஒவ்வொரு கலவையின் பி.எச்.சையும் ஹைட்ரஜன் மின்முனையால் அளந்து அட்டவணையாக அவர் வெளியிட்டார். பதினைந்தில் ஒரு மோல் வலிமையுள்ள அவருடைய பாஸ்பேட் கரைசல்கள் மருந்துக் கலைஞர்களின் கைநூல்களில் அவர் பெயரோடேயே பிற்காலத்தும் நிலைத்தன.

இதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1908-இல், ஹார்வர்டில் லாரன்ஸ் ஹெண்டர்சன், ரத்தம் தன் நடுநிலையைக் காப்பதற்கு மென்மையான அமிலமும் அதன் உப்பும் சேர்ந்த ஜோடியே காரணம் என்று காட்டி, அதற்குரிய சமன்பாட்டையும் எழுதியிருந்தார். கோபன்ஹேகனில் ரத்தத்தை ஆராய்ந்துவந்த கார்ல் ஹாஸெல்பால்க் அந்தச் சமன்பாட்டை ஸோரென்சென்னின் பி.எச்.சோடு இணைத்து, 1916-ஐ ஒட்டி இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிற உருவத்தில் அமைத்தார். அந்தச் சூத்திரத்தின் சாரத்தைச் சின்னங்கள் இல்லாமலே சொல்லிவிடலாம்: கரைசலின் பி.எச். எங்கே நிற்கும் என்பதை நிர்ணயிப்பது அமிலமும் உப்பும் கலந்த விகிதம். எவ்வளவு இடியைத் தாங்கும் என்பதை நிர்ணயிப்பது அவற்றின் மொத்த அளவு. இந்தத் தாங்குதிறனை எண்ணால் அளக்கும் வழியை 1922-இல் நியூயார்க்கின் டொனால்டு வான் ஸ்லைக் வகுத்துக் கொடுத்தார். விகிதம் வேறு, அளவு வேறு என்ற இந்தப் பேதத்தில்தான் மருந்து செய்கிறவனுடைய சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், வீட்டிலிருந்து கொண்டுபோன சீசாவில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்காகக் காகிதத்தைப் பல்பல்லாகக் கத்தரித்துச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். வாயால் குடிக்கிற மருந்துக்கு அந்தக் கைத்திறம் போதும். வயிற்றில் இருக்கிற அமிலத்தின் முன்னே சீசாவிலுள்ள சிறு வேறுபாடு எடுபடாது. கண்ணில் விடுகிற மருந்தும் நரம்பில் ஏற்றுகிற மருந்தும் வந்தபோதுதான் பி.எச். என்ற சூட்சுமம் மருந்தகத்துக்குள் கட்டாயமாக நுழைந்தது.

கண்ணை எடுத்துக்கொள்வோம். கண்ணின் உள்ளழுத்தம் மிகும் நோய்க்கு விடுகிற பைலோகார்ப்பின் சொட்டு மருந்து, பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையே இருந்தால் நெடுநாள் கெடாமலிருக்கும். 7-ஐ நெருங்கினால் விரைவில் கெட்டுப்போகும். ஆனால் அந்த நடுநிலையில்தான் அது கருவிழியைக் கடந்து உள்ளே புகுவது சுலபம், கண்ணுக்கும் உறுத்தாது. சீசாவுக்கு நல்லது கண்ணுக்கு ஆகாது, கண்ணுக்கு நல்லது சீசாவுக்கு ஆகாது. அமெரிக்கக் கண்வைத்தியர் ஸான்போர்டு கிஃபோர்டு 1935-இல் போரிக் அமிலத்தையும் சோடியம் கார்பனேட்டையும் கொண்டு கண் மருந்துகளுக்கென்றே ஒரு தாங்கல் வரிசையை வகுத்தார். இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக நாளடைவில் தெளிந்த வழி வெகு நேர்த்தியானது. மருந்துக்கு உகந்த அமில நிலையிலேயே, ஆனால் மிகச் சொற்ப அளவான உப்புக்களைக் கொண்டு, கரைசலை நிறுத்திவிடவேண்டியது. சீசாவுக்குள் அதை அசைப்பார் யாருமில்லையாதலால் அந்தச் சொற்பத் தாங்கலே அங்கே போதும். கண்ணில் விழுந்ததும் கண்ணீரின் தாங்கல் அதை வென்று சிறிது நேரத்தில் 7.4-க்கு இழுத்துக்கொண்டுவிடும். இப்போது விற்கிற சொட்டு மருந்துச் சீசாக்களின் மேலே பொடியெழுத்தில் போரிக் அமிலம், சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் என்று அச்சிட்டிருப்பதை வாசிக்கப் பொறுமையுள்ளவர்கள் அங்கே இந்த வித்தையைக் காணலாம்.

பெனிசிலின் கொடுத்த தொல்லை வேறு வகை. 1940-ஐ ஒட்டி ஆக்ஸ்போர்டில் அதைப் பூஞ்சைக் கஷாயத்திலிருந்து பிரித்தெடுக்க முயன்றவர்கள், அமிலத்தில் அது சிதைகிறது, காரத்திலும் சிதைகிறது என்று கண்டு கை சோர்ந்திருந்த சமயத்தில், நார்மன் ஹீட்லி என்பவர், குளிர்வித்த கஷாயத்தைப் புளிக்கச்செய்து ஈதருக்குள் பெனிசிலினை வாங்கி, உடனே அமிலமற்ற நீருக்குள் அதைத் திருப்பி இழுத்துவிடலாம் என்ற வழியைக் கண்டார். பிரித்தெடுத்த பிறகும் அதன் குணம் மாறவில்லை. நீரில் கரைத்து வைத்த பெனிசிலின் சிதையும்போது உண்டாவதும் ஓர் அமிலமே. அந்த அமிலம் கரைசலின் பி.எச்.சைக் கீழே தள்ளுகிறது, தள்ளப்பட்ட பி.எச்.சில் பெனிசிலின் முன்னிலும் வேகமாகச் சிதைகிறது. கடன்பட்டவன் வட்டிக்குக் கடன் வாங்கின கதை. சிட்ரேட் தாங்கலைச் சேர்த்து 6-க்கும் 7-க்கும் நடுவே நிறுத்தினால் இந்தச் சங்கிலி அறுபடுகிறது. குளிர்ந்த பெட்டியில் வைத்து ஒரு வாரம்வரையில் அக்கரைசலைப் பிரயோகிக்கலாம்.

எல்லாவற்றிலும் சுவையானது இன்சுலினின் கதை. 1920-களில் வந்த இன்சுலின், பி.எச். 3-ஐ ஒட்டிய அமில நீரில் கரைத்த தெளிந்த மருந்து, ஏனெனில் 5.4-க்கு அருகில் அது கரையாமல் திரண்டுவிடும். அதன் வேகமும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஆகவே நோயாளிகள் நாளொன்றுக்குப் பலமுறை ஊசி குத்திக்கொள்ள நேர்ந்தது. ஸோரென்சென்னின் ஊராகிய அதே கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடோர்ன், திரளுவது இன்சுலினின் குறை என்று கொள்ளாமல் அதையே குணமாக்கினால் என்ன என்று சிந்தித்தார். மீனின் விந்திலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால், அந்தச் சேர்க்கை தேகத்தின் பி.எச்.சிலேயே மிகக் குறைவாகக் கரைந்து, தோலின் கீழே படிந்து, சிறிது சிறிதாக ரத்தத்துக்குப் போய்ச் சேரும். 1936-இல் வெளியான இந்த மருந்து முதலில் இரண்டு சீசாக்களாக வந்தது. ஒன்றில் புரோட்டமினோடு கூடிய இன்சுலின், மற்றதில் பாஸ்பேட் தாங்கல். கலந்தபின் நெடுநாள் நில்லாது என்பதால், தாங்கலைச் சேர்த்து வெண்மையாகக் கலங்கவைக்கிற கடைசிக் காரியத்தை உபயோகத்துக்குச் சற்று முன்னரே செய்துகொள்ளவேண்டியிருந்தது. பரிசோதனைச் சாலைக்கு உள்ளேயே வழங்கிவந்த ஒரு வித்தை, நீரிழிவுக்காரர் வீட்டுச் சமையலறை மேசைவரை இவ்விதம் வந்து சேர்ந்தது. துத்தநாகத்தைச் சிறிது கூட்டினால் கலவை நிலைத்து நிற்கிறது என்று கனடாவில் ஸ்காட்டும் பிஷரும் அந்த ஆண்டே கண்டனர். பத்தாண்டுக்குப் பின், 1946-இல், ஹாகெடோர்னின் சாலையிலேயே பாஸ்பேட்டில் நிறுத்திய நடுநிலை இன்சுலின் உருவாயிற்று. என்.பி.எச். என்று இன்றும் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் 'என்' நடுநிலை, 'பி' புரோட்டமின், 'எச்' ஹாகெடோர்ன்.

தாங்கல் தருகிற உப்புக்கள் எல்லாம் ஒரே சுபாவமுடையவை அல்ல. நெடுநாள் பழகியவர்கள் அவற்றை மனிதர்களைப்போலவே பேசுவார்கள். பாஸ்பேட் சாது, ஆனால் சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் அதோடு சேர்ந்து படிந்துவிடும், சோடிய பாஸ்பேட்டை உறையவைத்தால் ஓர் உப்பு முன்னதாகப் படிகமாகிப் பிரிந்து பி.எச். 4-க்கும் கீழே சரிந்துவிடும். போரேட் கண்ணுக்கு நண்பன், நரம்புக்கு நஞ்சு. சிட்ரேட் ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தை உறையாமல் சேமிக்க அந்தக் குணமே உதவுகிறது, தோலின் கீழே செலுத்தும்போதோ சுரீரென்று எரிகிறது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் 'பஃபரின்' என்ற பெயரோடு ஆஸ்பிரின் மாத்திரை ஒன்று விற்பனைக்கு வந்ததும் நினைவுக்கு வருகிறது. அதில் இருந்தது வயிற்றுப் புளிப்பைத் தணிக்கிற காரப்பொருள்தான், ரசாயனிகள் கணக்கிட்டுச் செய்கிற தாங்கல் அன்று. ஆனாலும் சொல்லுக்கு விளம்பர மதிப்பு வந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அத்தாட்சி.

பைகார்பனேட்டின் குறையோ வாந்திபேதிக் கதைக்கே நம்மைத் திரும்பக் கொண்டுபோகிறது. 1910-இல் மணிலாவில் ஸெல்லார்ட்ஸ் என்பவர் வாந்திபேதி நோயாளிகளுக்கு மிகுந்த அளவு காரம் தேவைப்படுவதைக் காட்டியதிலிருந்து சோடா உப்பு மறுபடி மதிப்புப் பெற்றது. ஆனால் அதன் கரைசலைக் கிருமிநீக்கத்துக்காகக் கொதிக்கவைத்தால் கரியமிலவாயு பறந்துபோய்க் கடுமையான கார்பனேட் மிஞ்சுகிறது; ரிங்கர் நீரோடு சேர்த்தால் அங்குள்ள கால்சியம் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் குழந்தைகளின் பேதிக்குச் சிகிச்சை செய்துவந்த அலெக்சிஸ் ஹார்ட்மன், 1932-இல் பைகார்பனேட்டுக்குப் பதிலாக லாக்டேட்டைச் சேர்த்தார். லாக்டேட் கொதிநிலையைத் தாங்கும், சீசாவில் சாதுவாக இருக்கும், தேகத்துக்குள் சென்றபின் ஈரல் அதை எரித்துப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். அதாவது, தாங்கலைச் சீசாவில் கட்டாமல், தேகத்துக்குள்ளே கட்டிக்கொள்ளும்படி மண்ணை மட்டும் அனுப்பிவைத்தார்.

வாந்திபேதிக் கதை மறுபடி வங்காளத்துக்கே வந்தது. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை கடந்து வந்த அகதிகள் போங்காவ் முகாமில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலநபீஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலங்கள் கட்டி, உறவினரையே கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதத்தை எட்டியிருந்த மரணம் அவருடைய பராமரிப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சில ஆண்டுகளில் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த முறையைப் பூமியெங்கும் பரப்பியது. அப்போது பழைய எதிரி மறுபடி தலைகாட்டினான்: வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் பொட்டலத்துக்குள்ளே சோடா உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து கட்டிதட்டிப் பழுப்பேறின. 1984-இல் சோடா உப்பை நீக்கி, அதன் இடத்தில் 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட்டை வைத்தார்கள். சிட்ரேட்டும் தேகத்துக்குள் பைகார்பனேட்டாக மாறவல்லது. பொட்டலத்துக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் கெடாமலும் கிடக்கும். 2002-இல் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்துப் புதிய கணக்கு வகுத்தபோதும் அந்த 2.9 கிராமில் யாரும் கைவைக்கவில்லை. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் கொடுக்கிற பொட்டலத்தின் முதுகில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

அண்மைக் காலத்தில் மருந்து செய்கிறவர்கள் தாங்கலை இடுவதிலும், அதை இடாமல் விடுவதிலேயே அதிக சாமர்த்தியம் காட்டுகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த கிளார்ஜின் இன்சுலின் பி.எச். 4-இல் தெளிந்த நீராகச் சீசாவில் இருக்கிறது. அதற்குத் தாங்கல் உப்பு எதுவும் சேர்ப்பதில்லை. தோலின் கீழே சென்றதும் தேகத்தின் தாங்கல் தடையின்றி அதை நடுநிலைக்கு இழுக்க, அது நுண்ணிய படிவாகத் திரண்டு நாள் முழுதும் கரைகிறது. ஹாகெடோர்ன் இரண்டாவது சீசாவில் அனுப்பிய பொருளை இப்போது நோயாளியின் தேகமே அளித்துவிடுகிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற அடலிமுமாப் என்ற எதிர்ப்புரத மருந்து 2002-இல் வெளிவந்தபோது அதில் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் இருந்தன. குத்தின இடம் எரிகிறது என்று நோயாளிகள் முறையிட்டனர். பின்னர் வந்த செறிவு மிகுந்த வடிவத்தில் சிட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை; மருந்தைத் தவிர மன்னிட்டாலும் பாலிசார்பேட்டும் நீருமே உள்ளன. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அந்தச் செறிவில் புரதமே தன் அமிலக் கிளைகளால் வருகிற அமிலத்தையும் காரத்தையும் ஏந்திக்கொண்டு, கரைசலை 5.2-இலேயே நிறுத்திவைக்கிறது. புரதங்களையும் நொதிகளையும் அசையாத நீரில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே ஸோரென்சென் கோபன்ஹேகனில் உட்கார்ந்து தம்முடைய உப்புக்களை நிறுத்துக் கலந்துகொண்டிருந்தார்.